வாடகை வீட்டைப் பேணுதல்

(அறக்கட்டளையின் ஆண்டு விழாவில் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையிலிருந்து இம்மேடையில் நிகழ்ந்த உரைகள் யாவும் ஆன்ம நலம் பற்றியவை. எனக்கு அளிக்கப்பட்ட தலைப்போ சுவரும் குழாயும் பற்றியது. பொறுப்பாளர்கள் இதனை ஏன் விரும்பிக் கேட்டனர் என்பதை நான் அறிவேன். வந்தவாசி, ஆரணி, செய்யாறு, திண்டிவனம் வட்டாரங்களில் நிலமும் வீடும் வைத்திருந்து, பின்னர்க் கல்வியும் பணியும் கருதிச் சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் குடிபெயர்ந்த குடும்பங்கள் நம்மில் பல. ஊரில் உள்ள பூர்வீக வீட்டை ஒருவருக்கு வாடகைக்கு விட்டிருப்போம். நகரில் வாழ்நாள் சேமிப்பைக் கொண்டு கட்டிய வீட்டின் மேல்தளத்தை இன்னொருவருக்கு விட்டிருப்போம். ஓய்வூதியம் இல்லாத முதியோர்க்கும், கணவரை இழந்த தாய்மார்க்கும் அவ்வாடகையே மாத வருவாய். வீடு பழுதுற்றால் வருவாய் நின்றுபோகும். பழுது முற்றினால் அதனடியில் வாழ்வோரின் உயிருக்கும் ஊறு நேரும். ஆதலின் இத்தலைப்பு இவ்விழாவுக்கு அயலானதன்று.

கட்டடப் பொறியாளனாகப் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். நூற்றுக்கணக்கான வீடுகளின் பழுதுகளைப் பார்வையிட்ட பட்டறிவிலிருந்து ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உரிமையாளரே குடியிருக்கும் வீட்டில் பழுதைக் காணும் கண்ணும், அதற்குச் செலவு செய்யும் கையும் ஒருவருடையவை. வாடகை வீட்டிலோ கண் குடியிருப்பவருடையது, கை உரிமையாளருடையது. கண் கண்ட நாளுக்கும் கை நீளும் நாளுக்கும் இடையே உள்ள காலமே வாடகை வீட்டின் தலையாய நோய். சிமெண்டின் தரமும் கொத்தனாரின் திறமும் அதற்குப் பின்னரே வருவன.

நான் பார்வையிட்ட ஒரு வீட்டைச் சொல்கிறேன். கட்டிப் பதினெட்டு ஆண்டு ஆனது. சமையலறையின் மேல்தளத்தில் உள்ளங்கை அளவில் ஈரக் கறை ஒன்று தோன்றியது. குடியிருந்தோர் இரண்டு மழைக்காலம் அதனைப் பார்த்துக்கொண்டே இருந்தனர், உரிமையாளரிடம் சொல்லவில்லை. காரணம் கேட்டபோது அந்த அம்மையார் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சொன்னால் வாடகையை ஏற்றுவார்கள், அல்லது வேலை செய்ய வேண்டும், காலி செய்யுங்கள் என்பார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி நடந்துகொண்டிருந்தது, ஐயா." மூன்றாம் மழையில் தளத்தின் அடிப்பூச்சு கான்கிரீட்டோடு பெயர்ந்து அடுப்பு மேடைமேல் விழுந்தது. அவ்வேளையில் அங்கு எவரும் இல்லை என்பது நல்வினைப் பயன் என்றே சொல்ல வேண்டும். மாடிக்கு ஏறிப் பார்த்தோம். மழைநீர் வடிகுழாயின் வாயில் வேப்பஞ்சருகு அடைத்து, கணுக்கால் அளவு நீர் தேங்கி நின்றது. ஒரு கைப்பிடிச் சருகு! குடியிருந்தோரே அள்ளி எறிந்திருக்கலாம். ஆனால் மாடிக் கதவு பூட்டப்பட்டிருந்தது. சாவி வேறோர் ஊரில் உரிமையாளரிடம் இருந்தது.

ஆதலின் நான் கூறும் முதற் பராமரிப்பு வேலைக்குக் காசு செலவில்லை. மாடிச் சாவியில் ஒன்றைக் குடியிருப்பவரிடம் கொடுத்துவையுங்கள். அதோடு, வீட்டைக் கையளிக்கும் நாளிலேயே, "பழுது கண்டால் அன்றே சொல்லுங்கள், சொன்னதற்காக வாடகையை உயர்த்த மாட்டேன்" என்று வாய் திறந்து கூறுங்கள். சொன்னபடி நடந்தும் காட்டுங்கள். சிறு பழுதுகளுக்கு ஆயிரம் ரூபாய் வரை அவர்களே ஆள் வைத்துச் செய்து, பற்றுச்சீட்டைக் காட்டி வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்றோர் ஏற்பாட்டை நான் பல குடும்பங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். குடியிருப்போர் ஏமாற்றிவிட்டால் என்ன செய்வது என்று சிலர் கேட்பர். ஆண்டுக்கு ஓரிரு நூறு ரூபாய் ஏமாற்றப்படலாம். கேட்கப்படாமல் போன கறைக்குச் செலவாகும் தொகையோடு ஒப்பிட்டால் அது ஒரு பொருட்டன்று.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்பதையும் அறிந்துகொள்வது நலம். தமிழ்நாட்டில் நில உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் 2017ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தின் அட்டவணை ஒன்று எப்பழுது யாருடையது என்று பிரித்துக் கூறுகிறது. கட்டட அமைப்பைச் சார்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடித்தல், கதவு சன்னல்களுக்கு வண்ணம் பூசுதல், குழாய்களை மாற்றுதல், மின்கம்பிகளை மாற்றுதல் ஆகியன உரிமையாளரைச் சேர்ந்தவை. குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, கழுவு தொட்டி, சுவிட்சு, பிளக் துளை, பூட்டு, தாழ்ப்பாள், சன்னல் கண்ணாடி போன்றவை குடியிருப்பவரைச் சேர்ந்தவை. உரிமையாளர் தம் பங்கைச் செய்யாவிடில், குடியிருப்பவர் செய்துகொண்டு வாடகையில் கழிக்கவும் சட்டம் இடந்தருகிறது. வீட்டைப் பார்வையிட வேண்டுமாயின் இருபத்து நான்கு மணி நேரத்துக்கு முன்னரே அறிவிப்புத் தர வேண்டும். "என் வீடு, நான் எப்போதும் நுழைவேன்" என்று எண்ணும் பெரியவர்கள் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும். சட்டம் பிரித்துக் கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டு, ஒரு வாஷருக்காக மூன்று மாதம் வழக்காடுவதையும் பார்த்திருக்கிறேன். அவ்வாறு செய்வது அறிவுடைமை ஆகாது. வாஷர் பத்து ரூபாய். அது ஒழுக விடும் நீர் சென்று ஊறும் சுவர் நம்முடையது.

இனி நீரைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன். சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் ஏறக்குறைய அறுபது விழுக்காடு ஐப்பசியை ஒட்டிய வடகிழக்குப் பருவமழையில் கொட்டிவிடுகிறது. ஆகவே மாடி வேலை அனைத்தும் ஆவணி மாதத்துக்குள் முடிந்துவிட வேண்டும். ஒழுகத் தொடங்கிய பின் கொத்தனாரைத் தேடினால் அவர் கிடைக்க மாட்டார். கிடைத்தாலும் ஈரத் தளத்தின்மேல் பூசிய எதுவும் பற்றாது.

கறையைக் கண்டவுடன் பூசி மறைக்க முயலாதீர்கள். கறை தன் வரலாற்றைத் தானே கூறும். கேட்கும் பொறுமை வேண்டும். மழை நாளில் மட்டும் விரிந்து வெயில் நாளில் உலரும் கறை, மாடியிலிருந்தோ வெளிச்சுவர் வெடிப்பிலிருந்தோ வருவது. ஆண்டு முழுவதும் ஒரே அளவில் நிற்கும் கறை, குழாயிலிருந்தோ மேல்தளக் குளியலறையிலிருந்தோ வருவது. தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை வரிசையாகப் படர்ந்து, வெள்ளை உப்புப் பூத்து, சுண்ணாம்பு உதிர்ந்தால் அது மண்ணிலிருந்து ஏறும் ஓதம். இம்மூன்றுக்கும் மருத்துவம் வேறு வேறு. ஓதத்துக்கு மாடியில் ஓடு பதிப்பதும், குளியலறைக் கசிவுக்குச் சுவரில் வண்ணம் பூசுவதும் எங்கும் நடக்கும் வீண் செலவுகள்.

மாடியில் நீர் தேங்கக் கூடாது. வடிகுழாயை நோக்கி வாட்டம் இருக்க வேண்டும். ஒரு வாளி நீரை மாடியின் கோடியில் ஊற்றிப் பாருங்கள். அது ஓடிச் சென்று குழாயில் விழுந்தால் நன்று; நடுவில் குளமாக நின்றால் அவ்விடம் தாழ்ந்துள்ளது. கைப்பிடிச் சுவரும் தளமும் கூடும் மூலையே பெரும்பாலும் நீர் புகும் வழி. அங்குள்ள வெடிப்பு நூலளவே இருக்கும். ஆயினும் நீருக்கு நூலளவு போதும். அவ்வெடிப்புகளில் அரசும் ஆலும் முளைக்கும். இரண்டு இலை விட்டபோதே வேரோடு எடுத்து ஒரு தொட்டியில் நட்டுவிடுங்கள். வளர விட்டால் அதன் வேர் சுவரைப் பிளக்கும். பின்னர் மரத்தையும் வெட்ட வேண்டும், சுவரையும் இடிக்க வேண்டும்.

மழைநீர்ச் சேமிப்பு அமைப்பைக் குறித்தும் ஒரு சொல். 2003ஆம் ஆண்டில் அது கட்டாயமாக்கப்பட்டபோது எல்லா வீடுகளிலும் குழி தோண்டினோம். அக்குழியில் இட்ட கூழாங்கல்லையும் மணலையும் அதன் பின்னர் எத்தனை வீடுகளில் எடுத்துக் கழுவியிருக்கிறோம்? சேறு படிந்து இறுகிய குழி நீரை ஏற்காது. அது சுவரின் அடியில் சென்று நிற்கும்.

குளியலறைக் கசிவுக்குத் தரை ஓடுகளின் இணைப்பும், நீர் வடியும் வாயைச் சுற்றிய பூச்சுமே காரணம். இணைப்புகளைச் சுரண்டி எடுத்து, நீர் புகாத எபாக்சிக் கலவையால் நிரப்பினால் பாதிக் கசிவுகள் தரையை உடைக்காமலே நிற்கும். கழிவறைப் பீச்சுத் தொட்டியில் சிறிது நிறப்பொடியைக் கரைத்து அரை மணி நேரம் பயன்படுத்தாமல் விடுங்கள். கீழே பீங்கானில் நிறம் தெரிந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் மூடி தேய்ந்துவிட்டது என்று பொருள். குழாய் எங்கேனும் மறைவில் கசிகிறதா என்று அறிய, இரவில் எல்லாக் குழாய்களையும் மூடி, மேல்தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துவைத்து, விடியலில் பாருங்கள். நொடிக்கு ஒரு துளி சொட்டும் குழாய் ஒரு நாளில் நான்கு லிட்டருக்கு மேல் கொட்டிவிடும். நான்கு லிட்டர் நீர் பெரிதன்று என்பீர்கள். கழுவு தொட்டியில் விழுந்தால் பெரிதன்று. சுவருக்குள் விழுந்தால் ஓராண்டில் அச்சுவர் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

தரை ஓதத்துக்கு நகரங்களில் புதியதொரு காரணம் சேர்ந்துள்ளது. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதிய சாலை போட்டுப் போட்டு, முப்பது நாற்பது ஆண்டுக்கு முன் மூன்று படி ஏறி நுழைந்த வீடுகளில் இன்று ஒரு படி இறங்கி நுழைகிறோம். சுற்றியுள்ள மண் வீட்டின் அடித்தளத்துக்கு மேலே உயர்ந்துவிட்டது. அவ்வீடுகளில் சுவரை ஒட்டிய மண்ணை அகற்றி நீர் ஓட வழி செய்வதே முதல் வேலை. உட்புறம் நான்கடி உயரத்துக்குப் பளபளக்கும் ஓடு ஒட்டி மறைப்பதைப் பலரும் செய்கின்றனர். ஈரம் வெளியேற வழியின்றி ஓட்டுக்குப் பின்னால் ஐந்தடி, ஆறடி என்று மேலே ஏறும். அடுத்த முறை ஆறடிக்கு ஓடு ஒட்டுவர்.

ஊரில் உள்ள பழைய வீடுகளுக்கு வருகிறேன். தேக்கு உத்திரத்தின்மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை இட்ட மெட்ராஸ் டெரஸ் மாடிகள் நம் ஊர்களில் இன்னும் பல உள்ளன. நம் பாட்டனார் காலத்தில் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் சுண்ணாம்பைக் குழைத்து, நாள் கணக்கில் தட்டித் தட்டி இறுக்கிய தளங்கள் அவை. அத்தகைய வீட்டில் வெடிப்பு விழுந்தால் இன்றைய கொத்தனார் உடனே சிமெண்டைக் குழைப்பார். அதனைத் தடுத்து நிறுத்துங்கள். சுண்ணாம்பு மென்மையானது, ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும். சிமெண்டு கடினமானது; ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். ஓரிரு ஆண்டில் சிமெண்டு ஒட்டு அப்படியே நிற்க, அதனைச் சுற்றியுள்ள பழங்காரை பொடிப்பொடியாக உதிரும். சுண்ணாம்பு வேலை தெரிந்த முதியவர் எவரேனும் பக்கத்து ஊர்களில் இருப்பார், தேடிப் பிடியுங்கள். கூலி சற்று மிகுதியாயினும் கொடுங்கள். அவ்வீடுகளில் உத்திரம் சுவருக்குள் நுழையும் முனைதான் முதலில் மக்கும். ஆண்டுக்கொரு முறை அம்முனையைத் தட்டிப் பாருங்கள். கூர்மையான ஊசியால் குத்தியும் பாருங்கள். ஊசி எளிதில் இறங்கினால் காலம் தாழ்த்தாமல் முட்டுக் கொடுத்து, ஆள் இருக்கும் அறையைக் காலி செய்யச் சொல்லுங்கள்.

இதுவரை கூறியவை பொருள் இழப்பைச் சார்ந்தவை. இனிக் கூறுவன உயிரைச் சார்ந்தவை. இவற்றில் மட்டும் சிக்கனம் பார்த்தல் ஆகாது.

முதலாவது, கான்கிரீட்டுக்குள் உள்ள கம்பி. ஈரம் பட்ட இரும்பு துருவேறும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கும் மேலாகப் பெருகும். பெருகிய துரு கான்கிரீட்டை உள்ளிருந்து பிளந்து தள்ளும். தளத்தின் அடியில் கம்பி ஓடும் வழியே நேர்கோட்டில் வெடிப்புத் தெரிந்தாலோ, கோலால் தட்டும்போது பானையைத் தட்டியது போல் ஒலித்தாலோ, அவ்விடம் பெயரக் காத்திருக்கிறது. கடற்காற்று வீசும் பகுதிகளில் இது இன்னும் விரைவாக நிகழும். இதற்கு மருந்து, தளர்ந்த கான்கிரீட்டை முற்றாகத் தட்டி எடுத்து, கம்பியின் பின்புறம் வரை துருவை நீக்கி, துருத்தடுப்பு பூசி, அதற்கென உள்ள கலவையால் மீண்டும் கட்டுவதே. மேலோட்டமாகப் பூசிப் பட்டி பார்த்து வெள்ளையடிப்பது புண்ணின்மேல் பட்டுத் துணி போர்த்துவது போன்றது. கீழே போலிக்கூரை அமைத்து மறைப்பது அதனினும் தீது. பெயர்வது எவர் கண்ணுக்கும் தெரியாமல் போகும். சன்னல் சன்ஷேடுகளில் முக்கியக் கம்பி மேற்பகுதியில் இருக்கும். அதன்மேல் நீர் தேங்கினால் அக்கம்பியே முதலில் துருவேறும். பின்னர் ஒரு நாள் முன்னறிவிப்பின்றி முழுப் பலகையும் முறிந்து விழும். அதன்மேல் பூந்தொட்டி அடுக்குவதையும், குளிர்சாதனப் பெட்டியின் வெளிப்பகுதியை ஏற்றுவதையும், வண்ணம் பூசுவோர் ஏறி நிற்பதையும் அனுமதிக்காதீர்கள்.

இரண்டாவது, மின்சாரம். "என் வீட்டில் எம்.சி.பி. உள்ளது, அச்சமில்லை" என்று பலர் சொல்வர். எம்.சி.பி. காப்பது கம்பியை, மனிதரை அன்று. மிகையான மின்னோட்டத்தால் கம்பி எரிந்துபோகாமல் தடுப்பது அதன் வேலை. மனித உடலைக் கொல்வதற்கோ ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே மிகுதி. அவ்வளவு சிறிய மின்னோட்டம் உடல் வழியே ஓடுவதை எம்.சி.பி. உணராது. அதனை உணர்ந்து இமைப்பொழுதில் துண்டிப்பது ஆர்.சி.சி.பி. என்னும் கருவி. வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளதைப் பொருத்த வேண்டும். அதன்மேல் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை குடியிருப்பவரே அதனை அழுத்திப் பார்க்கலாம். அழுத்தியவுடன் மின்சாரம் நின்றால் கருவி உயிரோடு உள்ளது. நிற்காவிடில் அன்றே மாற்றுங்கள். அதனோடு நில இணைப்பையும் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு அளந்து பார்க்கச் சொல்லுங்கள். வெந்நீர்க் கலத்துக்கும் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் மூன்று முள் இணைப்பில் நில இணைப்பு இல்லாத வீடுகள் இன்றும் உள்ளன. ஈரக் கையோடு குளியலறையில் நிற்கும் ஒரு குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். அக்கருவியின் விலை உங்களுக்குப் பெரிதாகத் தோன்றாது.

மூன்றாவது, நிலத்தடித் தொட்டிகள். குடிநீர்ச் சம்பின் மூடிக்குப் பூட்டு வேண்டும். ஓடியாடும் குழந்தைகள் உள்ள வீட்டில் இது கட்டாயம். நெடுநாள் மூடியிருந்த சம்பில் உயிர்வளி குறைந்திருக்கும். மூடியைத் திறந்து நெடுநேரம் காற்றோட விட்டு, மேலே ஒருவர் கயிற்றோடு நின்றாலன்றி எவரையும் இறங்க விடாதீர்கள். மலக்கழிவுத் தொட்டியிலோ எவரும் இறங்கவே கூடாது. அதிலிருந்து எழும் நச்சுக்காற்று ஓரிரு மூச்சிலேயே மயக்கி வீழ்த்தும். வீழ்ந்தவரைத் தூக்கச் சென்றவரும் வீழ்வர். ஒரே தொட்டியில் இருவர், மூவர் மாண்ட செய்திகளை நாளிதழ்களில் நாம் படித்துக் கடந்து செல்கிறோம். 2013ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வாறு ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியுள்ளது. முதல் முறைக்கே இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். குடியிருப்பவர்தாம் ஆள் பிடித்தார், எனக்குத் தெரியாது என்று நாம் ஒதுங்கிக்கொள்ளவும் கூடாது. கழிவுநீர் ஊர்தியை அழைக்கும் தொலைபேசி எண்ணை வீட்டில் எழுதி ஒட்டிவையுங்கள். அதன் செலவு உரிமையாளருடையது என்றும் சொல்லிவையுங்கள். செலவுக்கு அஞ்சியே அவர்கள் கூலிக்கு ஆளை இறக்குகின்றனர். நீரை வடிகட்டிக் குடித்து, சிற்றுயிர்க்கும் ஊறு நேராமல் ஒழுகும் நம் வீடுகளின் தொட்டியில் ஒரு மனிதர் மடிந்தார் என்னும் சொல் வரலாகாது.

சிற்றுயிர் என்றதும் தாய்மார்கள் பலர் என்னிடம் கேட்கும் வினா நினைவுக்கு வருகிறது. குடியிருப்பவர் பூச்சி மருந்து அடிக்க ஆள் அனுப்பச் சொல்கிறார். நமக்கு மனம் ஒப்பவில்லை, என் செய்வது என்று. குடியிருப்பவரின் துன்பமும் மெய்யானது. அவரைக் குறை கூற இயலாது. ஆனால் கரப்பானும் கரையானும் ஈரத்தைத் தேடியே வருகின்றன. கழுவு தொட்டியின் அடிக் கசிவை நிறுத்தி, கழிவுக்குழாய் சுவரில் நுழையும் துளையைப் பூசி, தரை வடிவாய்க்கு மூடி இட்டு, மேல்தொட்டியின் மூடியையும் நிரம்பி வழியும் குழாயின் வாயையும் நுண்வலையால் அடைத்துவிட்டால், அவை வருவது பெரிதும் குறையும். டெங்குவைப் பரப்பும் கொசு பெரும்பாலும் தெளிந்த நீரில் முட்டையிடும். வலை கட்டிய தொட்டியில் அதற்கு இடமில்லை. வந்தபின் கொல்வதைவிட வரும் வழியை அடைப்பது செலவிலும் குறைவு.

வண்ணம் பூசுவது பற்றி மிகுதியாகச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லா வேலையும் முடிந்த பின் கடைசியில் செய்ய வேண்டியது அது. பலர் அதனை மட்டுமே செய்கின்றனர். ஒருவர் காலி செய்து மற்றொருவர் வருவதற்கு இடையே கிடைக்கும் இரண்டு மூன்று வாரம் பொன்னான காலம். அடுத்தவரை மறுநாளே குடியேற்றி அரை மாத வாடகையை மிச்சப்படுத்தும் ஆசையை அடக்கிக்கொண்டு, குளியலறை இணைப்பு, மின்கம்பி, கதவுக் கீல் அனைத்தையும் அப்போது பார்த்துவிடுங்கள். சாவி கொடுக்கும் நாளில் ஒவ்வோர் அறையையும் இருவரும் சேர்ந்து பார்த்து, புகைப்படம் எடுத்து, பட்டியலில் இருவரும் கையொப்பம் இடுங்கள். முன்பணத்தைத் திருப்பித் தரும் நாளில் எழும் மனக்கசப்பு பெரும்பாலும் இப்பட்டியல் இல்லாமையால் விளைவதே.

இத்தனைக்கும் பணத்துக்கு எங்கே போவது? வருமான வரிச் சட்டம் வீட்டு வாடகை வருவாயில், சொத்துவரி போக எஞ்சியதில் 30 விழுக்காட்டைக் கழித்துக்கொள்ள அனுமதிக்கிறது. நீங்கள் செலவு செய்தாலும் செய்யாவிட்டாலும் அக்கழிவு உண்டு. செலவு செய்யாமல் கழிவை மட்டும் பெறுவதை இலாபம் என்று கருதுவோர் உளர். நான் அவ்வளவும் கேட்கவில்லை. ஆண்டுக்கு ஒரு மாத வாடகையைத் தனிக் கணக்கில் இட்டுவையுங்கள். ஒரு வீட்டுக்குப் பெரும்பாலான ஆண்டுகளில் அது முழுவதும் செலவாகாது. செலவாகாத ஆண்டுகளின் தொகை சேர்ந்து, மாடிக்குப் புதிய ஓடு பதிக்கும் ஆண்டில் கைகொடுக்கும். வயது முதிர்ந்த தாய்மார்களின் பெயரில் உள்ள வீடாயின், அக்கணக்கையும் ஆண்டுப் பார்வையிடலையும் பிள்ளைகளுள் ஒருவர் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். வாடகை மட்டும் மாதந்தோறும் வங்கியில் வந்து சேர்ந்தால் போதும் என்று வெளியூரிலிருந்து எண்ணும் பிள்ளைகளுக்காகவே இதைச் சொல்கிறேன்.

பொழுது சாய்வதற்குள் உணவு முடிய வேண்டும் என்று சமையற்கூடத்திலிருந்து செய்தி வந்துவிட்டது. இனியும் பேசினால் உங்கள் அனைவரையும் பட்டினி போட்டவன் ஆவேன். வினா உள்ளோர் உணவுக்குப் பின் என்னிடம் வரலாம். கைப்பேசியில் உங்கள் வீட்டுக் கறையின் படம் இருப்பின் காட்டுங்கள். இல்லையெனில் குடியிருப்பவரிடம் இப்போதே கேட்டு வாங்குங்கள். கறையை மட்டும் அன்றி, அதற்கு நேர் மேலே என்ன இருக்கிறது என்பதையும் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.